வாரக் கடனை அடைக்க வாரக் கடன்: திருப்பூர் லைன் வீடு ஒன்றின் ஓராண்டு வரவு செலவு

2023 ஜூலை முதல் 2024 ஜூலை வரை ஒரு குடும்பத்தின் வரவு செலவில் நடந்ததைப் பதிவு செய்யும் ஆய்வு இது. குடும்பத்தினரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், தெரு, சொந்த ஊர், கடன் கொடுத்தவர்கள் எதுவும் இதில் இல்லை. தொகைகள் அவர்கள் வீட்டு நோட்டிலும் தவணை அட்டைகளிலும் இருந்தவை. மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன் என்ற முறையில் எனக்கு அந்த வீட்டோடு பழக்கம்.

பின்னணி

கணவன், மனைவி, எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், மூன்றாம் வகுப்பு மகன். விருதுநகர் மாவட்டத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. கணவர் பவர்டேபிளில், அதாவது கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு பட்டறையில், ஓவர்லாக் டெய்லர். பீஸ் ரேட், தைக்கும் எண்ணிக்கைக்குத்தான் கூலி. மனைவி ஒரு கம்பெனியில் செக்கிங். இருவருக்கும் சனிக்கிழமை சம்பளம். லைன் வீட்டில் ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. குளியலறையும் கழிப்பறையும் பொது.

2023இல் திருப்பூரில் ஆர்டர் குறைந்திருந்தது. நல்ல வாரத்தில் இருவரும் சேர்ந்து 6,000 ரூபாய்க்கு மேல் கொண்டுவருவார்கள். டல் வாரத்தில் 3,500கூடத் தேறாது. ஜூன் மாதத்தின் நான்கு சனிக்கிழமைகளில் வந்தது 6,100, 5,200, 3,400, 4,800. மொத்தம் 19,500.

மனைவி என்னிடம் வந்தது கடனைப் பற்றிப் பேச அல்ல. "எவ்வளவு சுருக்கினாலும் பத்த மாட்டேங்குதுண்ணா, எங்க போகுதுன்னே தெரியல" என்றார். அவர் சுருக்கியது கொஞ்சநஞ்சமல்ல. பால் வாங்குவதை நிறுத்திக் கடுங்காப்பிக்கு மாறியிருந்தார்கள். தக்காளி நூறு ரூபாயைத் தாண்டிய அந்த ஜூலையில் ரசமும் குழம்பும் புளியிலேயே ஓடின. கறி மாதம் ஒருமுறை. மகளுக்கு அந்த வருடம் புதுச் சீருடை எடுக்கவில்லை.

நோட்டில் தெரிந்தது

முதலில் எதையும் மாற்ற வேண்டாம், ஒரு மாதம் எழுதுங்கள் என்றேன். எழுதியது மகள். அப்பா டீக்கடையில் கொடுத்த பத்து ரூபாய் உட்பட ஒன்றையும் விடாமல் எழுதியிருந்தாள். ஜூன் மாதக் கணக்கு இப்படி வந்தது:

வாரக் கடன் வசூல், வாரம் 1,000 வீதம்: 4,000
மைக்ரோ பைனான்ஸ் தவணைகள் இரண்டு (2,120 + 2,000): 4,120
வாடகை 4,500, கரண்ட் 600: 5,100
மளிகை, காய், முட்டை, கறி: 6,400
கேஸ் (மாதக் கணக்கில் பிரித்தால்): 750
பள்ளி வேன்: 700
தீபாவளி சீட்டு: 600
இரண்டு போன் ரீசார்ஜ்: 480
மருந்து, பெட்ரோல், மற்றவை: 1,000

கூட்டினால் 23,150. வரவு 19,500. துண்டு விழுவது 3,650. மகனின் தனியார் பள்ளிக் கட்டணம் இதில் சேராது. அது வருடத்துக்கு மூன்று முறை, 6,000 வீதம். அந்த மாதங்களில் மளிகைக் கடையில் பாக்கி ஏறும். அப்போது அங்கே 4,200 நின்றது.

துண்டு விழும் 3,650 எங்கிருந்து வருகிறது? இதற்கு விடை தவணை அட்டைகளில் இருந்தது. வாரக் கடன் என்பது 10,000 ரூபாய்க் கடன். கையில் 8,500தான் தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் 1,000 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். எட்டாவது, ஒன்பதாவது வாரத்தில் வசூலுக்கு வரும் தம்பியே, "அக்கா, இது முடிஞ்சதும் புதுசு போட்டுடலாமா?" என்று கேட்டுவிடுவார். 2022 ஜூனில் மகனின் பள்ளிக் கட்டணத்துக்காக முதல்முறை வாங்கியது. அதன்பிறகு ஒருமுறைகூட இடைவெளி விழவில்லை.

பத்து வாரத்துக்கு 8,500 வரவு என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய 3,650. துண்டு விழும் தொகையும் அதுவே. அதே பத்து வாரத்தில் 10,000 வெளியே போகிறது. அதாவது மாதத் துண்டை அடைக்கத்தான் வாரக் கடன் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். துண்டை உண்டாக்கியதே அந்தக் கடனின் வசூல். வசூல் 4,000 இல்லையென்றால் அந்த மாதத்தில் 350 ரூபாய் மிச்சம். பாலை நிறுத்தியது, தக்காளியை நிறுத்தியது எல்லாம் சேர்ந்தும் ஆயிரம் ரூபாய் தேறியிருக்காது. வீட்டில் அடிக்கடி பேச்சு வந்ததும் சண்டை வந்ததும் அந்த ஆயிரத்தைப் பற்றித்தான்.

வட்டியையும் கணக்கிட்டோம். 8,500க்கு 1,500 என்று கேட்டால் பெரிதாகத் தெரியாது. ஆனால் முதல் வாரத்திலிருந்தே அசல் குறைந்துகொண்டே போவதால், உண்மையில் கையில் இருக்கும் பணத்துக்கு வட்டி வாரம் மூன்று சதவீதத்துக்கு மேல். ஊர் வழக்கில் சொன்னால் பதிமூன்று வட்டி, நூறு ரூபாய்க்கு மாதம் பதிமூன்று ரூபாய். மைக்ரோ பைனான்ஸ் இரண்டு வட்டி. அடகுக் கடையிலும் இரண்டு வட்டி. வங்கி நகைக் கடன் வருடத்துக்கு 9 சதவீதம், அதாவது முக்கால் வட்டி. இந்த நான்கையும் ஒரே அளவுகோலில் வைத்து இருவரும் பார்த்தது அன்றுதான். கணவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இன்னொன்றையும் குறித்துக்கொண்டேன். 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, மைக்ரோ பைனான்ஸ் வாங்கும் குடும்பத்தின் மொத்தக் கடன் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காகிதத்தில் இந்தக் குடும்பத்தின் தவணை 4,120, வருமானத்தில் 21 சதவீதம். எனவே இன்னும் கடன் தரலாம் என்றுதான் எந்த நிறுவனமும் சொல்லும். வீட்டுக்குள் அது 42 சதவீதம். வாரக் கடன் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு நகை. மனைவியிடம் தாலிச் செயின் தவிர ஒரு பவுனில் தனிச் செயின் ஒன்று இருந்தது. மகளுக்கு என்று எடுத்து வைத்தது. அதை வங்கியில் வைக்க அவர் ஒப்புக்கொள்ளச் சில வாரங்கள் ஆயின. ஒருமுறை அடகுக் கடையில் வைத்து மூழ்கிப்போன கம்மலின் கதை அவருக்கு மறக்கவில்லை. அந்தப் பயம் நியாயமானது என்பதால் அவசரப்படுத்தவில்லை. வருட முடிவில் மொத்தமாகக் கட்ட வேண்டியதில்லை, இடையிடையே அசலில் கட்டிக் குறைக்கலாம் என்று வங்கியில் நேரில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் சரி என்றார்.

ஜூலையில் 30,000 கிடைத்தது. எதை அடைப்பது என்பதில் விவாதம் வந்தது. வாரக் கடனில் இன்னும் ஏழு வாரம், 7,000 பாக்கி. முன்கூட்டிக் கட்டினால் வட்டி குறையாது. 500 தள்ளுபடி செய்து 6,500க்கு முடித்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். வெறும் எண்ணாகப் பார்த்தால், பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாரா வாரம் கட்டுவதிலும் பெரிய நஷ்டமில்லை. ஆனால் ஏழு வாரம் அந்தத் தம்பி வாசலுக்கு வருவார், எட்டாவது வாரக் கேள்வியும் வரும், வீட்டில் வைத்த பணமும் தங்காது. உடனே முடிப்பது என்று தீர்மானித்தார்கள்.

இரண்டாவதாக, 2,000 தவணை உள்ள மைக்ரோ பைனான்ஸ் கடன். பன்னிரண்டு தவணை மீதம். அன்றே முடித்தால் 21,150. வட்டியில் லாபம் சொற்பம்தான். நோக்கம் மாதா மாதம் 2,000 ரூபாயை விடுவிப்பது. முன்கூட்டி முடிக்க முடியாது என்று களப் பணியாளர் முதலில் சொன்னார். மைக்ரோ பைனான்ஸ் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் வாங்கக் கூடாது என்பதும் அதே ரிசர்வ் வங்கி விதியில் உள்ளது. கிளைக்கு நேரில் போய், எழுத்தில் பதில் கேட்டதும் முடித்துக் கொடுத்தார்கள். குழுவில் இருந்த மற்ற பெண்களுக்குத்தான் வருத்தம். இவர் விலகினால் தங்களுக்கு அடுத்த கடன் கிடைக்காதோ என்ற பயம். அதனால் 2,120 தவணை உள்ள இன்னொரு குழுவில் தொடர்ந்தார். அந்தக் கடனும் இரண்டு வட்டிதான். அடைக்கப் பணமும் இல்லை.

மளிகைப் பாக்கியில் 2,000 கொடுத்தார்கள். மிஞ்சிய 350 ஊருக்குப் போகும் பஸ் செலவில் சேர்ந்தது.

அந்தப் பயணம் மகளிர் உரிமைத் தொகைக்காக. குடும்ப அட்டை இன்னும் சொந்த ஊரில்தான் இருந்தது. விண்ணப்ப முகாம்கள் ரேஷன் கடை வாரியாக ஜூலை 24 முதல் நடந்தன. வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள், கார் இல்லை, தகுதி இருந்தது. ஒரு ஷிப்ட் சம்பளத்தை விட்டுவிட்டு ஊருக்குப் போய் விண்ணப்பித்தார். செப்டம்பர் 15 அன்று திட்டம் தொடங்கியபோது இவர் கணக்கிலும் 1,000 வந்தது. அட்டையைத் திருப்பூர் முகவரிக்கு மாற்றும் வேலையை அதுவரை தள்ளிவைத்தோம். சரிபார்ப்பு நடக்கும்போது முகவரி மாறினால் குழப்பம் வரலாம் என்பதே காரணம்.

அட்டையை மாற்றுவதில் கணவருக்கு விருப்பமில்லை. "கார்டு ஊர்ல இருந்தாத்தான் நமக்கும் ஊருக்கும் ஒரு புடிமானம்" என்றார். ஆனால் கைரேகை வந்த பிறகு, அட்டையில் பெயருள்ள யாராவது நேரில் போனால்தான் பொருள் கிடைக்கும். பெரியவர்கள் தனி அட்டையில் இருந்தார்கள். ஆக இந்த அட்டைக்குரிய பொருட்கள் மாதா மாதம் யாருக்கும் பயன்படாமல் போய்க்கொண்டிருந்தன. அக்டோபரில் மாற்ற விண்ணப்பித்து, நவம்பரிலிருந்து இங்கே வாங்கினார்கள். 20 கிலோ அரிசி விலையில்லை. துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25. ரேஷன் அரிசியைச் சோற்றுக்கு ஒப்புக்கொள்ளவில்லை, இட்லி மாவுக்கும் வாரத்தில் இரண்டு மூன்று நாளைக்கும் போயிற்று. அப்படியும் மாதம் 900 ரூபாய் மிச்சம். வெளியே துவரம்பருப்பு 150 ரூபாய்க்கு மேல் விற்ற காலம் அது.

வாடகையில் சிறு மாற்றம். முதல் வாரத்தில் 5,100 ரூபாயை ஒரே மூச்சில் எடுத்து வைப்பதுதான் மாதா மாதம் அவர்களைச் சாய்த்தது. சனிக்கிழமை தோறும் 1,200 வீதம் வீட்டுக்காரம்மாவிடமே கொடுத்துவிடுவது, மாதக் கடைசியில் கணக்கு நேர் செய்வது என்று கேட்டார்கள். வீட்டுக்காரம்மா சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். வாரச் சம்பளக்காரர்களுக்கு மாத வாடகை என்ற ஏற்பாடே பொருந்தாத ஒன்று என்பது என் எண்ணம்.

எடுக்காமல் விட்ட முடிவுகள்

லைன் வீட்டில் கரண்டுக்கு யூனிட் 8 ரூபாய், சப் மீட்டர் கணக்கு. தனி மின் இணைப்பு உள்ள வீட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அன்றைய கட்டணத்தில் அடுத்த 100 யூனிட்டுக்கு 2.25 ரூபாய். இவர்கள் இரண்டு மாதத்தில் செலவழிப்பது 150 யூனிட். தனி இணைப்பில் அதற்கு 112 ரூபாய் 50 காசு, இங்கே 1,200. இந்த வித்தியாசத்தைப் பார்த்ததும் வீடு மாறலாம் என்று கணவர் துள்ளினார். கிடைத்த வீட்டுக்கு வாடகை 5,000. மாதத்துக்கு 544 மிச்சம், 500 கூடுதல் வாடகை. லாபம் 44 ரூபாய். அட்வான்ஸில் இன்னும் 5,000 வேண்டும், சாமான் ஏற்ற வண்டி வாடகை வேறு. விட்டுவிட்டார்கள்.

தீபாவளி சீட்டு பக்கத்து வீட்டு அக்கா நடத்துவது. ஒரு பக்கம் பதிமூன்று வட்டிக்கு வாங்கிக்கொண்டு, இன்னொரு பக்கம் வட்டியே இல்லாமல் சேர்ப்பது கணக்குக்கு ஒத்துவராது. நிறுத்தினால் என்ன என்று கேட்டேன். மனைவி மறுத்துவிட்டார். குழந்தைகளுக்குக் காய்ச்சல் வந்தால் பார்த்துக்கொள்வது அந்த அக்காதான், நடுவில் விலகினால் முகம் பார்த்துப் பேச முடியாது என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை. இந்த மாதிரிச் சீட்டுகளில் பணம் போன ஊர்கள் உண்டு; இங்கே போகவில்லை.

மகனைப் பள்ளி மாற்றுவதை நடு வருடத்தில் செய்ய வேண்டாம் என்று தள்ளிவைத்தார்கள்.

அப்புறம் நடந்தது

ஆகஸ்டிலிருந்து மாதம் 2,000 நகைக் கடன் கணக்கில் கட்டுவது என்று திட்டம். நவம்பர் வரை தவறவில்லை. பால் திரும்ப வந்தது. ஆவின் நீல பாக்கெட் அரை லிட்டர், 20 ரூபாய். இதைச் சிக்கனத்துக்கு எதிரானதாக நான் பார்க்கவில்லை. கேஸ் விலையும் ஆகஸ்ட் கடைசியில் 200 ரூபாய் இறங்கியது. நவம்பர் 12 தீபாவளி. போனஸும் சீட்டுப் பணம் 7,200 ரூபாயும் வந்தன. துணி, ஊர்ப் பயணம், மளிகைப் பாக்கி போக 5,000 ரூபாயை நகைக் கடனில் கூடுதலாகக் கட்டினார்கள்.

ஜனவரியில் சறுக்கல். பொங்கலுக்கு ஊர் போய் வந்ததும் கணவருக்குக் காய்ச்சல். இரண்டு வாரத்துக்கு மேல் மிஷினில் உட்காரவில்லை. வேலைக்குத் திரும்பியபோது பவர்டேபிளிலும் ஆர்டர் இல்லை. எங்கிருந்து தெரிந்ததோ, வாரக் கடன் தம்பி வாசலில் வந்து நின்றார். கணவர் வாங்கிவிடலாம் என்றார், மனைவி கூடாது என்றார். சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டதாம். கடைசியில் மளிகைக் கடை அண்ணாச்சியிடம் 3,000 வரை பாக்கி வைத்து ஓட்டினார்கள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதமும் நகைக் கடனுக்குக் கட்டவில்லை. 2,120 தவணை மட்டும் நிற்கவில்லை. அந்த மூன்று மாதம் உரிமைத் தொகையும் ரேஷனும் இல்லாமல் எப்படிக் கழிந்திருக்கும் என்று தெரியவில்லை. மனைவியின் சம்பளத்தில் பாதி வாடகைக்கே போயிற்று.

மார்ச் கடைசியில் தங்கம் பவுன் 50,000 ரூபாயைத் தாண்டியது. அதே செயினுக்கு இப்போது கூடுதலாகத் தருவார்கள் என்று கணவருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். மாற்றி வைத்து, பழைய ஓவர்லாக் மிஷின் ஒன்று வாங்கி வீட்டிலேயே தைக்கலாம் என்ற யோசனை. மோசமான யோசனை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆர்டர் பிடித்துத் தர ஆள் இல்லை. எட்டு ரூபாய் யூனிட்டில் மிஷின் ஓட்டினால் கரண்ட் செலவும் கூடும். ஆர்டர் உறுதியானால் பார்க்கலாம் என்று நிறுத்தினார்கள்.

2024 ஜூனில் மகன் நான்காம் வகுப்புக்கு மாநகராட்சிப் பள்ளிக்கு மாறினான். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் இருப்பதால், காலையில் இருவரும் ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் டிபன் கட்டும் வேலையும் போயிற்று. கட்டணம், வேன் இரண்டும் சேர்ந்து மாதக் கணக்கில் 2,200 மிச்சம். பையனுக்குப் பழைய நண்பர்கள் இல்லாத கோபம். கணவருக்கும் மனத்தாங்கல் முழுதாகத் தீரவில்லை. ஊரில் கேட்பவர்களுக்கு இங்கிலீஷ் மீடியம் என்று மட்டும் சொல்கிறார், அது பொய்யுமில்லை, அந்தப் பள்ளியில் ஆங்கில வழிப் பிரிவு உண்டு.

ஓராண்டு முடிவில்

2023 ஜூலையில் எல்லாக் கடனும் சேர்த்து ஏறக்குறைய 67,000. 2024 ஜூலை தொடக்கத்தில் மைக்ரோ பைனான்ஸில் எட்டுத் தவணை, அசலாக 15,500. நகைக் கடன் வட்டியோடு 8,900. மொத்தம் 24,400. மளிகைப் பாக்கி இல்லை. வாரக் கடன் ஒருமுறைகூட வாங்கவில்லை. வருமானம் கூடவில்லை, ஜனவரி முதல் மார்ச் வரை குறைந்தே இருந்தது.

இதே நிலையில் இன்னொரு வீடு வந்தால்

நகையைத் தொடும் முன்பே அட்டை, உரிமைத் தொகை இரண்டையும் முடிக்கச் சொல்வேன். இங்கே முகாம் தேதியால் வரிசை அப்படி அமைந்தது.

நகைக் கடன் முழுவதையும் பழைய கடன்களை அடைக்கச் செலவழித்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது. மைக்ரோ பைனான்ஸைத் தொடாமல், வாரக் கடனை மட்டும் முடித்து, 5,000 ரூபாயைத் தபால் நிலையச் சேமிப்புக் கணக்கில் போட்டிருந்தால், ஜனவரியில் அண்ணாச்சி கடைப் பாக்கிக்கும் வாசல் சண்டைக்கும் வேலை இருந்திருக்காது. நகைக் கடனும் சின்னதாக இருந்திருக்கும். மாதம் 2,000 தவணை கூடுதலாக ஓடியிருக்கும் என்பது அதன் விலை. ரேஷனும் உரிமைத் தொகையும் அதை ஏறக்குறையத் தாங்கியிருக்கும். மனைவி இதை ஒப்புக்கொள்வதில்லை. அந்தக் குழுக் கூட்டத்துக்கு வாரா வாரம் போய் உட்கார வேண்டியதில்லை என்பதே தனக்குப் பாதி நிம்மதி என்கிறார்.

நோட்டு எழுதுவதை மகள் மார்ச்சில் நிறுத்திவிட்டாள். முழுப் பரீட்சை நெருங்கிவிட்டது. ஜூனிலிருந்து கணவர் எழுதுகிறார். டீக்கடைக் கணக்கு மட்டும் அதில் வருவதில்லை. நகைக் கடனை மறு ஆண்டுக்குப் புதுப்பித்திருக்கிறார்கள். மாதம் 2,000 தவறாமல் போனால் 2024 டிசம்பருக்குள் செயின் வீட்டுக்கு வரும் என்பது அப்போதைய கணக்கு.